பீர்க்கங்காய் பிபங்காய் ஆன ஊர்

மொரீஷியஸில் முதல் நாள் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடல் சத்தம் இல்லாததுதான் காரணம். நான் பிறந்து வளர்ந்தது நாகப்பட்டினம். அங்கே கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளிப் படுத்தாலும் அலை மோதுகிற ஓசை காதில் விழும். இங்கே நான் வாடகைக்கு எடுத்த அறையின் ஜன்னலிலிருந்து தண்ணீர் முப்பது அடிகூட இருக்காது. ஆனால் அது குளம்போல் கிடந்தது. ரொம்ப நேரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட பிறகுதான், எங்கோ தொலைவில் ரயில் ஒன்று ஓயாமல் போய்க்கொண்டே இருப்பதுபோல் ஓர் இரைச்சல் பிடிபட்டது. காலையில் எழுந்து பார்த்தால் கடலுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு. அங்கே பவளப்பாறை இருக்கிறது, அலையெல்லாம் அதிலேயே உடைந்துவிடும், கரைக்கு வருவது மிச்சம்தான் என்று வீட்டுக்காரர் கையைக் காட்டிச் சொன்னார். தீவைச் சுற்றிச் சுமார் 150 கிலோமீட்டருக்கு அந்தப் பாறை ஓடுகிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடலுக்கு முதுகைக் காட்டி உட்காரவே பழகாத எனக்கு, அந்த வெள்ளைக் கோட்டின் மேல் உடனே ஒரு பிரியம் வந்துவிட்டது.

அப்புறம் ஒரு வருடம் அங்கேயே இருந்தேன். சென்னையில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடி கணக்கு வேலை பார்ப்பவள் நான். இப்படி வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்துகொண்டே தங்க விரும்புகிறவர்களுக்காக மொரீஷியஸ் அரசு 2020 கடைசியில் பிரீமியம் விசா என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு வருடத்துக்குச் செல்லும், கட்டணம் கிடையாது. மாத வருமானம் 1,500 டாலருக்குக் குறையக் கூடாது, மருத்துவக் காப்பீடு வேண்டும், உள்ளூரில் வேலைக்குச் சேரக் கூடாது. சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் முன்கூட்டி விசா எடுக்கவே வேண்டாம். வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னொரு வசதி, அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். சென்னையில் ஒன்பதரை என்றால் அங்கே எட்டு. சென்னை ஆபீஸ் ஆறரைக்கு மூடும்போது அங்கே ஐந்துதான் ஆகியிருக்கும். மடிக்கணினியை மூடிவிட்டுத் தண்ணீரில் கால் வைக்க நேரம் இருக்கும்.

நான் இருந்தது தென்கிழக்குக் கரை. மாஹேபூர் டவுனிலிருந்து கடலோரமாக வடக்கே போகும் பஸ்ஸில் வரவேண்டும். ஊருக்குப் பின்னால் சிங்கம் படுத்திருப்பது மாதிரியே ஒரு மலை. பெயரும் சிங்க மலைதான். மலைக்கும் கடலுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் சாலை, சாலையோரம் வீடுகள், வீடுகளுக்கு மேலே கரும்பு. 1598இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கியது இந்தக் கரையில்தான். 1810 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலேயக் கப்பல்களும் மோதிக்கொண்டதும் இதே தண்ணீரில்தான். ஊர்க்காரர்கள் அதைப் பற்றியெல்லாம் அதிகம் பேசிக் கேட்டதில்லை. அவர்கள் பேசுவது காற்றைப் பற்றி.

காற்றைப் பற்றி நானும் சொல்லியாக வேண்டும். நான் போய் இறங்கியது ஜூலையில். பெட்டியில் இருந்ததெல்லாம் மெல்லிய பருத்திச் சேலையும் சுடிதாரும். வெப்பத் தீவுதானே என்று நினைத்துவிட்டேன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே நம் ஆடி மாதம் குளிர்காலம் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், பெட்டி கட்டும்போது நினைவுக்கு வரவில்லை. தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று நேராக வந்து மோதுவது இந்தக் கரையில். சாயங்காலம் ஆனால் சால்வை இல்லாமல் திண்ணையில் உட்கார முடியாது. போகிறவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலும் வியர்வையும் வேண்டுமானால் டிசம்பருக்கு மேல் போங்கள்.

வீட்டுக்காரரின் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஊரே அவரை தாந்தின் என்றுதான் கூப்பிடும். அத்தை, சித்தி எல்லாவற்றுக்கும் அங்கே அந்த ஒரே சொல். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை மோ திஃபி என்பார். 'என் மகளே' என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டு வாசலில் வேப்பிலை, பூஜையறையில் முருகன், வெள்ளிக்கிழமை சாம்பிராணி. கேட்டில் இருக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்ததுமே எனக்கு மனசு பொங்கிவிட்டது, ரோமன் எழுத்தில் தமிழ்ப் பெயர். ஆறுமுகம் அங்கே அர்மூகம், சின்னப்பன் சினாப்பென், பெருமாள் பெர்மால். தாத்தாவின் தனிப்பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிவைக்க, அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. கடைப் பலகைகளில், டாக்டர் வாசலில், கல்லறைகளில் எல்லாம் இப்படிப் படித்துக்கொண்டே நடக்கலாம்.

இந்த மகிழ்ச்சியில்தான் நான் பெரிய தப்பு ஒன்றைச் செய்தேன். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை தாந்தின் வீட்டில் அக்கம்பக்கத்து உறவினர்களெல்லாம் கூடியிருந்தார்கள். எல்லோரும் தமுல் என்று அறிமுகம் செய்துகொண்டார்கள். நான் தமிழில் பேச ஆரம்பித்தேன். யாருக்கும் புரியவில்லை. உடனே, "தமிழராக இருந்துகொண்டு தமிழ் தெரியாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். ஆச்சரியத்தில் கேட்டதுதான். ஆனால் கூடத்தில் பேச்சு நின்றுபோனது. தாந்தினின் பேரன், பதினாறு வயசுப் பையன், தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த முகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

நம் ஊரிலிருந்து போகிற எவருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். பிரெஞ்சு ஆட்சியில் 18ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தர்களும் தச்சர்களும் அங்கே போயிருக்கிறார்கள். 1834க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாகப் போனார்கள். அவர்கள் இறங்கிய துறை தலைநகர் போர்ட் லூயியில் ஆப்ரவாசி காட் என்ற பெயரில் இருக்கிறது. 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. நான் அங்கே போய் அந்தக் கல்படிகளின் முன்னால் நின்றேன். அத்தனை தலைமுறை ஆன பிறகு, தெருவில் எல்லோரும் பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோல் பேசும்போது, பிள்ளைகள் வேறு எதைப் பேசும்? தாந்தினின் அம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியுமாம். தாந்தினுக்குப் பாட்டும் சாமி பெயரும் உறவுமுறையும் மட்டும். பேரன் பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாக எடுத்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். அவனைத்தான் நான் தலைகுனிய வைத்தேன். தமுல் என்று அவர்கள் சொல்வது பேசும் மொழியை அல்ல. கும்பிடும் சாமியை, வீட்டு விசேஷத்தை, பந்தியில் போடும் இலையை.

அடுத்த நாள் திங்கட்கிழமை. மாஹேபூரில் திங்கட்கிழமைச் சந்தை பெரியது. தாந்தின் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முந்தின நாள் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காய்கறிக் கடையில் ஒரு பீர்க்கங்காயை எடுத்துக் காட்டி, "பிபங்காய்" என்றார். எனக்குச் சட்டென்று புரியவில்லை. மறுபடி, "பிபங்காய், மோ திஃபி" என்றார். கொத்தமல்லிக் கட்டைத் தொட்டு, "கொத்தோமிலி." கறிவேப்பிலையை முகர்ந்து, "காரிபூலே." முருங்கைக் கீரையைக் காட்டி, "ப்ரெத் முரூம்." பக்கத்தில் காய் வாங்கிக்கொண்டிருந்த ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்ணும், சீனக் கடைக்காரரும், முஸ்லிம் பெரியவரும் அதே சொற்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கூடத்தில் தேடிய தமிழ் கூடைகளில் கிடந்தது. பீர்க்கங்காயின் வரம்பில் விரலை ஓட்டிக்கொண்டு நான் நின்றுவிட்டேன். தாந்தின் நான் விலை கேட்டுத் தயங்குவதாக நினைத்துத் தன் பையிலிருந்து பணம் எடுத்தார்.

விலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சந்தையில் அட்டையில் எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் கிலோவுக்கு அல்ல. அங்கே காயும் மீனும் லீவ் கணக்கில் விற்கிறார்கள். ஒரு லீவ் என்றால் அரைக் கிலோ. பல கடைகளில் அரை லீவ், அதாவது கால் கிலோவுக்குத்தான் விலை போட்டிருப்பார்கள். தக்காளி இவ்வளவு மலிவா என்று இரண்டு கிலோ போடச் சொல்லிவிட்டு, கடைசியில் கையில் இருந்த நோட்டெல்லாம் போனது எனக்கு. அட்டையைக் கடைசி எழுத்து வரை படியுங்கள், இல்லையென்றால் "கோமியே?" என்று வாயைத் திறந்து கேளுங்கள். எவ்வளவு என்று அர்த்தம்.

அந்த நோட்டுகளைப் பற்றியும் கொஞ்சம். நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வழக்கறிஞர், அமைச்சராக இருந்தவர். எல்லா நோட்டிலும் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழில் தொகை எழுதியிருக்கும், அதற்குப் பிறகு இந்தி. 1998இல் புது நோட்டு அடித்தபோது இந்தியை முன்னாலும் தமிழைப் பின்னாலும் போட்டுவிட்டார்கள். தமிழ்ச் சமூகம் பொங்கி எழுந்தது, நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. வீட்டில் பேசாத மொழிக்காக அத்தனை பேர் நின்றிருக்கிறார்கள். பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சில்லறையில் 'நூறு ரூபாய்' என்று தமிழில் படித்தபோது, ஞாயிற்றுக்கிழமை நான் கேட்ட கேள்வி இன்னொரு தடவை சுட்டது.

சரி, கிரியோல் கற்றுக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். அரசாங்கக் காகிதமெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும், பேப்பர் பிரெஞ்சில் வரும், ஆனால் வாழ்க்கை நடப்பது கிரியோலில். பிரெஞ்சு தெரியாதே என்று பயப்பட வேண்டாம். காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப வினைச்சொல்லின் விகுதி மாறாது. மோ மான்ஸே என்றால் நான் சாப்பிடுகிறேன். முன்னால் பே சேர்த்து மோ பே மான்ஸே என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், தி சேர்த்தால் சாப்பிட்டேன், பூ சேர்த்தால் சாப்பிடுவேன். மூன்று மாதத்தில் கடைப் பேச்சு வந்துவிட்டது. நம்மிடம் இருக்கிற நீ, நீங்கள் அங்கேயும் உண்டு. தொ என்றால் நீ, ஊ என்றால் நீங்கள். இளைஞர்கள் பேசுவதைக் கேட்டுக் கற்றதால் நான் தாந்தினையே தொ போட்டுப் பேசிவிட்டேன். வீட்டுக்காரர் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவிடம் ஊ" என்று மெதுவாகச் சொன்னார். நம் ஊரில் மாமியாரை நீ என்றால் எப்படி இருக்கும்! அதற்குப் பிறகு தவறவில்லை.

இன்னொரு பழக்கமும் முக்கியம். கடைக்குள் நுழைந்தாலும், டாக்டர் வீட்டில் காத்திருந்தாலும், பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாலும் முதலில் போன்சூர் சொல்ல வேண்டும். சொல்லாமல் நேராகச் சாமான் பெயரைச் சொன்னால் கொடுப்பார்கள், ஆனால் முகம் கொடுக்க மாட்டார்கள். நாம் கூச்சத்தில் பேசாமல் நிற்பது அவர்களுக்குத் திமிராகப் படுகிறது. விடைபெறும்போது எந்த மதத்துக்காரரும் சொல்வது சலாம். ஏதாவது கை தவறி விழுந்தால், கேட்கக் கூடாததைக் கேட்டால், எல்லோர் வாயிலும் அயோ. அதை நான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

காலையில் முதலில் வருவது ரொட்டிக்காரர். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி, கையில் ஹாரன். உருண்டையாக, உள்ளங்கை அளவில் ஒரு ரொட்டி. அதை நடுவில் பிளந்து வெண்ணெய் தடவி, சூடாக நாலு கத்தோ பிமான் உள்ளே வைத்து அமுக்கித் தருவார்கள். கத்தோ பிமான் என்பது சின்னதாகத் தட்டிய நம் பருப்பு வடைதான். வடைக்கு ரொட்டியா என்று முதல் நாள் நினைத்தேன், இரண்டாம் நாள் இரண்டு வாங்கினேன்.

பத்து மணிக்கு மேல் பனியான் வருவார். மேல்சட்டைக்கு உள்ளே போடும் பனியன் இல்லை இது. மீன் வியாபாரியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். கரையில் மீனவரிடம் மொத்தமாக எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவர். மீன் விஷயத்தில் நான் நாகப்பட்டினத்துக்காரி, செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. அவர் பெட்டிக்கு முன்னால் நின்றுதான் பாதி கிரியோல் கற்றேன். அவர் கப்பிதேன் என்பது நம் விளமீன். கொர்தோன்யே நம் ஓரா. வியேய் என்றால் கலவா. ஊரித் என்றால் பேய்க்கணவாய். ஒரு நாள் ஊரித் கேட்டதற்கு, கையை விரித்து அக்டோபர் பாதி வரைக்கும் கிடையாது என்றார். ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை அதைப் பிடிக்கத் தடை, குஞ்சு பொரிக்கிற காலம். பெரிய வலைக்கு அக்டோபர் தொடங்கிப் பிப்ரவரி கடைசி வரை தடை. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது என்று நான் சொன்னேன். அந்த 61 நாள் மீனவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். அரசு நிவாரணம் கொடுக்கும், போதாது என்றேன். இங்கேயும் பதிவு பெற்றவர்களுக்குக் காற்று மோசமான நாட்களில் ஒரு படித்தொகை தருகிறார்கள், இங்கேயும் போதாது என்றார். வெயிலில் நின்றபடி இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம். அன்றைக்கு ஒரு மீன் கூடுதலாகப் போட்டார்.

கரைக்கும் அந்தப் பவளப்பாறைக்கும் நடுவில் அடங்கிய தண்ணீரை லகூன் என்கிறார்கள். முழங்கால் ஆழத்தில் அரைக் கிலோமீட்டர்கூட நடக்கலாம். ஆனால் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. லாஃப் என்று ஒரு மீன், கல்லோடு கல்லாகப் பாசி படிந்து அசையாமல் கிடக்கும். முதுகு முள்ளில் விஷம். மிதித்தால் உயிர் போகிற வலி வரும் என்றார்கள். ஊர்க்காரர்கள் பழைய பிளாஸ்டிக் ஷூ போட்டுக்கொண்டு, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனை அது குத்திவிட்டது. பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சூடு அந்த விஷத்தின் வீரியத்தைக் குறைக்கும். ஐஸ் வைக்கக் கூடாது. கீறாதீர்கள், கட்டாதீர்கள், வெந்நீரும் டாக்டரும்தான். இன்னொன்று, பாறையில் இடைவெளி இருக்கிற இடத்துக்கு நீந்திப் போகாதீர்கள். லகூனுக்குள் வந்த தண்ணீரெல்லாம் வெளியேறுவது அந்த வாய் வழியாகத்தான். மேலே அமைதியாகத் தெரியும், கீழே இழுக்கும்.

ஒரு நாள் வீட்டுக்காரர் கொட்டகையில் ஏணி எடுக்கப் போனேன். மூலையில் கறுப்புப் படிந்த நீளமான துணிப்பை ஒன்று கிடந்தது, இரண்டு ஆள் நீளம், உள்ளே சரசரவென்று காய்ந்த கரும்புச் சோகை, ஓரத்தில் காலி தண்ணீர் பாட்டில்கள் வைத்துத் தைத்திருந்தது. என்ன என்று கேட்டதும் அவர் வேலையை நிறுத்திவிட்டார். 2020 ஜூலை 25 அன்று வக்காஷியோ என்ற சரக்குக் கப்பல் இந்தப் பக்கத்துப் பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6இல் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. சுமார் ஆயிரம் டன் லகூனில் கலந்தது. யாருக்கும் காத்திருக்காமல் ஊரே இறங்கியது. தோட்டத்திலிருந்து சோகை அள்ளி வந்தார்கள், பெண்கள் பை தைத்தார்கள், ஆண்கள் அதை மிதவையாகக் கட்டி எண்ணெயை மறித்தார்கள். முடிவெட்டும் கடைகளில் மக்கள் தலைமுடியைக் கொடுத்தார்கள், எண்ணெயை உறிஞ்ச. அந்தப் பையைத் தைத்தது தாந்தின். தூக்கிப் போட மனசு வரவில்லை என்றார் வீட்டுக்காரர். நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். கையில் ஒட்டியது, இரண்டு தடவை சோப்புப் போட்டும் வாசனை போகவில்லை. சுனாமிக்குப் பிறகு எங்கள் தெருவில் அம்மாவும் மற்றவர்களும் பெரிய அண்டாவில் சோறு வடித்ததைப் பற்றி நான் அன்றுதான் அவர்களுக்குச் சொன்னேன். என் கிரியோல் போதவில்லை. தாந்தின் கேட்டுக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

புயலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நவம்பர் முதல் மே பாதி வரை பருவம். எச்சரிக்கை ஒன்றிலிருந்து நாலு வரை போகும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வந்துவிட்டால் நாலு. ஒன்று அறிவித்ததுமே டார்ச், பேட்டரி ரேடியோ, மெழுகுவத்தி, டின் மீன், ரொட்டி வாங்கிவிடுங்கள்; இரண்டுக்குப் பிறகு கடையில் ரொட்டி இருக்காது. குடத்தில், வாளியில் எல்லாம் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். மூன்று என்றால் வெளியே போகவே கூடாது. நான் மூன்றை ஒரு தடவை பார்த்தேன். ஜன்னலுக்குப் பலகை அடித்து உள்ளே உட்கார்ந்து தாந்தினும் பேரனும் நானும் சீட்டாடினோம். புயல் ஒதுங்கிப் போய்விட்டது, வாழைமரம் ஏழு சாய்ந்தது. பயமாக இல்லையா என்று கேட்டால், "பா த்ரகாசே" என்பார்கள். கவலைப்படாதே. வேலையெல்லாம் முடித்துவிட்டுத்தான் அதைச் சொல்கிறார்கள்.

தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம், வீட்டில் மீன் வாசனையே கிடையாது. பனியான் எங்கள் கேட்டுக்கு முன்னால் ஹாரன் அடிக்காமல் மெதுவாகப் போவார். தாந்தின் தினமும் சாயங்காலம் ஒரு பழைய நோட்டைப் பிரித்து முருகன் பாட்டு படிப்பார். எட்டிப் பார்த்தேன், பக்கம் பக்கமாகத் தமிழ்ப் பாட்டு ரோமன் எழுத்தில், அவர் அம்மாவின் கையெழுத்து. ழகரமும் றகரமும் அதில் ஏது? ஆனால் ராகம் பிசகவில்லை. முதல் வாரம் என்றால் நான் வாயைத் திறந்து திருத்தியிருப்பேன். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து கூடப் பாடினேன். நாலாம் நாள் அவரே ஒரு வரியில் விரலை வைத்து, அர்த்தம் என்ன என்று கேட்டார். என் ஓட்டைக் கிரியோலில் சொன்னேன். அப்புறம் தினமும் இரண்டு வரி. பேரனும் வந்து உட்கார ஆரம்பித்தான். ஒரு நாள் வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து, கேட்டில் இருக்கும் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னான். எழுதித் தந்தேன். அவன் அதைப் பார்த்து எழுத்துக் கூட்டினான். "ஆ... று... மு... கம்." தாந்தின் பாட்டை நிறுத்திவிட்டு, "சாமி பெயரா அது?" என்று கேட்டார். நோட்டில் அத்தனை வருடம் பாடிய ஆறுமுகமும் கேட்டில் இருந்த அர்மூகமும் ஒன்று என்பது அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை.

காவடியன்று பால்குடம் எடுத்து வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்தோம். எலுமிச்சம்பழமும் மயிலிறகும் கட்டிய காவடிகள், அரோகரா சத்தம், வழியெல்லாம் வீட்டுக்காரர்கள் குழாய் வைத்துச் சூடான சாலையில் தண்ணீர் ஊற்றினார்கள். எங்கள் தெரு முனையில் ஊற்றியவர் ஒரு கிறிஸ்தவர். கோயிலில் இறக்கும்போது பால் திரியாமல் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பெரிய நம்பிக்கை. தாந்தின் குடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு! பிறகு இலையில் சாப்பாடு. செத் காரி என்பார்கள், ஏழு கறி. பூசணி, வாழைக்காய், பலா, கீரை, பருப்பு என்று வரிசையாக வரும், கடைசியில் ரஸோன். கையில் வாங்கிக் குடித்தேன். எங்கள் வீட்டு மிளகு ரசம்.

கிளம்புகிற வாரம் தாந்தின் எனக்கு வேந்தாய் செய்யச் சொல்லித் தந்தார். மீனைத் துண்டு போட்டுப் பொரித்துக்கொள்ள வேண்டும். கடுகைக் கரகரப்பாக அரைத்து, மஞ்சள், பூண்டு, முழுசாகச் சின்ன வெங்காயம், கீறின பச்சை மிளகாய் எல்லாம் எண்ணெயில் வதக்கி வினிகர் ஊற்றி, மீனைப் போட்டுப் பிரட்டி மூடி வைத்துவிட வேண்டும். அன்றைக்கே சாப்பிடக் கூடாது. நாகப்பட்டினத்தில் வஞ்சிரத்தில் செய்தேன். முதல் நாள் ருசி பார்த்த அம்மா, "கடுகு தூக்கல்" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். மூன்றாம் நாள் மத்தியானம் பாத்திரம் காலியாக இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் தாந்தின் வருவார். போன வாரம் அம்மா நடுவில் புகுந்து, அன்றைக்கு வாங்கின பீர்க்கங்காயைக் காமிராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து, "பிபங்காய்!" என்று சத்தம். தோலைச் சீவி எறிந்துவிடுவதாகத் தாந்தின் கையால் செய்து காட்ட, அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, தோலைப் போடாதீங்கம்மா, துவையல் அரைக்கலாம்" என்று தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். உளுந்துக்கும் புளிக்கும் நான் கிரியோலில் சொல் தேடிக்கொண்டிருக்கும்போதே பேரன் உள்ளே போய்க் காகிதமும் பேனாவும் எடுத்து வந்துவிட்டான்.